இதர விளையாட்டு

தெற்கு மாசி வீதி, ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
லிஃப்ட்டுக்குள் சைக்கிள் நுழையவில்லை.
தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.
மூன்று பவுன் சங்கிலியை
ஸ்டாண்டில் மாட்டிவிட்டு யாராவது வருவார்களா?
இதுவும் சங்கிலிதான்.
கடன் இன்னும் பதினோரு தவணை.

ஆடிட்டர் ஜவஹர்பாபு
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"கியர் வண்டியாம்மா?"
"மலை வண்டி சார்."
"மலைக்கு எதுக்கு வண்டி? அழகர்கோயிலுக்கு பஸ் போகுதுல்ல?"

மேசையில் ஒச்சப்பன் கோப்பு.
உசிலம்பட்டி. கபடி. முப்பது நொடி மூச்சு.
ஏலத்தில் போன தொகையை அவர் சொல்லவில்லை,
கோப்பின் தடிமன் சொன்னது.
அதற்கடியில் ஒரு கிரிக்கெட் பையன்:
ஒரு பந்தும் வீசாமல்
பெஞ்சில் தண்ணீர் சுமந்த பருவத்துக்கு
முன்வரி கட்டியிருக்கிறான்.

என் வருஷம் ஒரு மஞ்சள் பையில் இருந்தது.
கவிழ்த்தேன்.

மாநில அளவில் முதலிடம், பத்தாயிரம்.
மேடையில் தந்தது கதவு உயரத்துக்கு அட்டைக் காசோலை.
உண்மையானது
ஐந்து மாதம் கழித்துத் தபாலில் வந்தது.
ஓசூர் மலையிறக்கம், இரண்டாமிடம், மிக்ஸி.
"மிக்ஸிக்கு என்ன மதிப்பு போட?"
"மூணு ஜார் சார்."
எழுதிக்கொண்டார்.
காளவாசல் கடைக்காரர் கொடுத்தது இரண்டு டயர்.
பதிலுக்கு அவர் கடைப்பெயர் என் முதுகில்,
நான் குப்புற விழுந்தால்
தெளிவாகப் படிக்கிற இடத்தில்.
விரகனூர்ப் பள்ளியில் பகுதிநேர பி.டி., மாதம் ஒன்பதாயிரம்.
சோறு அதில்தான்.

"எங்க கிளையண்ட் ஒருத்தர் மாடும்மா,
போன தையில பாலமேட்டுல பிடிபடாம வந்துச்சு.
பீரோ, கட்டில், தங்கக்காசு, ஒரு சைக்கிளும் குடுத்தாங்க."
"அந்த சைக்கிள் சார்?"
"மாட்டுக்கு எதுக்கு? வித்துட்டாரு."

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டார்.
இதை மட்டும் வைத்துப் பிழைப்பவர்களை
விரல்விட்டு எண்ணலாம் என்றேன்.
மீதிப்பேர் வேனுக்குள் படுத்து,
வேனுக்குள் சமைத்து,
அடுத்த மலைக்கு டீசல் போடுகிறார்கள்.
ஒரு கால்பந்துக்காரர்
வலிப்பதுபோல் புல்லில் புரண்டு எழும் நேரத்தில்
என் ஒரு வருஷம் முடிந்துவிடும்.

செலவுக்கு வந்தோம்.
பிரேக் பேடு. செயின் எண்ணெய்.
ஃபோர்க் சர்வீஸ், பெங்களூருக்கு கூரியர்.
பீபிகுளம் பிசியோ, பன்னிரண்டு முறை.
காரை எலும்பில் டைட்டானியம் தகடு, ஆறு ஸ்க்ரூ,
எண்பத்து நாலாயிரம்.
பேனா நின்றது.
"இது சொத்தா, செலவா?"
மேலே ஃபேன் சுற்றியது. இருவரும் யோசித்தோம்.
"சொத்துன்னா வருஷாவருஷம் தேய்மானம் கழிக்கலாம்."
"தேயாதாம் சார்.
என்னை எரிச்சாலும் அது அப்படியே இருக்குமாம்."
"அப்ப நகை," என்றார்.
நான் சிரித்ததில் தகடு லேசாக வலித்தது.

கூட்டினார். கழித்தார். மறுபடி கூட்டினார்.
"வரிக்குள்ளயே வரல. தாக்கல் பண்ண வேணாம்.
சந்தோஷமாப் போ."
"பண்ணுங்க சார்."
"சைபருக்கா?"
"தொழில்னு ஒரு கட்டம் இருக்கும்ல,
அதுல என்ன வரும்?"

திரையில் பட்டியலைப் பிடித்து இறங்கினார்,
நாகமலைச் சரிவில் நான் இறங்குவதுபோல,
தொட்டுத் தொட்டு, நின்று நின்று.
கோழிப்பண்ணை தாண்டி, கல்யாண மண்டபம் தாண்டி,
போட்டோ ஸ்டுடியோ தாண்டி
எங்கோ அடிவாரத்தில்:
"இதர விளையாட்டுன்னு ஒண்ணு இருக்கு. பரவால்லயா?"

பரவாயில்லை என்றேன்.
இரண்டு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஃபீஸ் ஐந்நூறு.
வேண்டாம் என்று கையை ஆட்டினார்.
வைத்துவிட்டு ரசீது கேட்டேன்,
அடுத்த வருஷச் செலவுக்கணக்கில் காட்டலாம்.

வெளியே படிக்கட்டு.
ஏறும்போதே எண்ணியிருந்தேன், அறுபத்து நாலு.
மதுரையில் விளையாட்டுக்கு அதுதான் கணக்கு.
சீட்டைத் தாழ்த்தி,
பெடலைச் சமன்செய்து, பின்னுக்குச் சாய்ந்து,
முன்சக்கரத்தை முதல் படியின் விளிம்பில் வைத்தேன்.

வாட்ச்மேன் கத்தியது
இரண்டாம் மாடி திரும்பும்போது கேட்டது.